வலமிருந்து இழுத்த கோடுகள்

ஊர் முழுக்க ஜாவா படித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம் என்ன வேலை என்று கேட்டால், "சாஃப்ட்வேர்" என்று சொல்வதற்கு முன்பே முதுகை நிமிர்த்திக்கொள்வான். என்னை யாராவது கேட்டால் நானும் "சாஃப்ட்வேர்தாங்க" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஒரு மென்பொருளின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அது கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் மென்பொருள் என்பதையும், நான் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படம் வரையப் படித்தவன் என்பதையும் மட்டும் சொல்ல மாட்டேன். கேட்டவன் இறங்க வேண்டிய ஸ்டாப் அதற்குள் வந்துவிடும்.

எங்கள் ஆபீஸ் குகட்பள்ளி மெயின் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது. மூன்று மணிக்கு பிஸ்கட் வேகும் வாசனை படியேறி வந்தால் ஏழு பேரும் ஒரே சமயத்தில் கீபோர்டை விட்டுக் கையை எடுப்போம். சார் கோயம்புத்தூர்க்காரர். சொந்தமாகத் தொடங்கிய கம்பெனி. ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஷெட்டும் மாடியும் கட்டுவதற்கு நாங்கள்தான் கணக்கும் படமும் போட்டுக் கொடுப்போம்.

நான் அங்கே படம் வரையத்தான் சேர்ந்தேன். மென்பொருளை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போகும்போது அவர்கள் திறந்து வைத்த பக்கங்களைப் பார்ப்பேன். பார்த்தது போதாமல் திரும்பி வந்தவர்களைக் கேள்வி கேட்டே சோற்றைச் செரிக்க விடாமல் பண்ணுவேன். மூன்று வருஷம் அப்படியே ஓடியது. கடைசியில் சார் ஒருநாள், "சரிப்பா, சின்ன வேலையா இருந்தா அவுட்புட்டை நீயே பார்த்துப் படம் போடு. பெருசுன்னா எங்கிட்ட வா" என்றார். அன்று லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனேன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் அப்பா, "இன்னாத்துக்குடா இது, குழந்தை பொறந்திச்சா?" என்று கேட்டார். என் மனைவிக்கு அப்போது நாலாம் மாதம்தான். "இன்னும் அஞ்சு மாசம் இருக்கு மாமா, அதுக்கும் சேர்த்து இப்பவே வாங்கியாந்துட்டாரு" என்று அவள் உள்ளேயிருந்து சொன்னாள்.

அவுட்புட்டைப் பார்ப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பீமை, அதாவது தூணுக்குத் தூண் படுத்திருக்கும் உத்திரத்தை, மென்பொருள் கற்பனையில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் வெட்டிப் பார்க்கும். வெட்டிய ஒவ்வொரு முகத்திலும் பாரம் அதை எவ்வளவு வளைக்கிறது, எவ்வளவு அறுக்கிறது என்று ஒரு பட்டியல் போடும். வளைப்பதை மொமெண்ட் என்போம், அறுப்பதை ஷியர் என்போம். பீமின் எந்தப் பக்கம் எத்தனை கம்பி, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். முதல் வரி பீமின் தொடக்கம், கடைசி வரி முடிவு. அவ்வளவுதான். எது தொடக்கம், எது முடிவு என்பது பீமை வரைந்தவன் கோட்டை எங்கே ஆரம்பித்தானோ அதைப் பொறுத்தது.

நான் கோட்டை இடமிருந்து இழுப்பேன். நீங்களும் அப்படித்தான் இழுப்பீர்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் வலமிருந்து இழுப்பான். மூசி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பழைய நகரத்துப் பையன், டிப்ளமோ சிவில். பத்தாவது வரைக்கும் உருது மீடியம். உருது வலமிருந்து இடம் போகும் எழுத்து. பத்து வருஷம் அப்படியே போய்ப் பழகிய கை மவுஸைப் பிடித்தாலும் முதல் கிளிக்கை வலது ஓரத்தில்தான் வைக்கும். முதல்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கைக்கு ஹஸ்ரா தம்பி?" என்றான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்கிறான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஆனால் தமிழ் பேசுகிறவன் எவனைக் கண்டாலும் அவனுக்குத் தம்பிதான். நானும் விடாமல் பாய் என்பேன்.

"பீமை யாராவது வாலிலிருந்து பிடிப்பாங்களா பாய்?"

"எது வால், எது தலைன்னு பீம் உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

எங்கள் பேச்சு எப்போதும் ஒரு கிச்சடி. அவனுடைய தக்கனி உருதுவில் பாதி, நான் கற்றுக்கொடுத்த தமிழில் பாதி. அதை இங்கே தமிழாகவே எழுதுகிறேன், ஒன்றிரண்டு சொல்லை மட்டும் அவன் வாயில் இருந்தபடியே விட்டுவிடுகிறேன். அவன் பேசுவதைக் கேட்பதற்காகவே நான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் மேஜைக்குப் போவேன். மென்பொருளைப் பற்றி அவன் ஒருமுறை சொன்னது: "இதுக்கு வெட்கமே கிடையாது தம்பி. எவ்வளவு தப்பா கேட்டாலும் மூணு தசம ஸ்தானத்தோட பதில் சொல்லும்." அதை நான் பத்துப் பேரிடமாவது என் சரக்குபோலச் சொல்லியிருப்பேன்.

வேலையில் அவன் தங்கம். தன் மாடலின் அவுட்புட்டைத் தானே வலது கோடியிலிருந்து படிப்பான், தானே படத்தில் குறிப்பான். ஒரு தடவைகூடத் தப்பு வந்ததில்லை. சாரும் அவனை அவன் போக்கிலேயே விட்டிருந்தார்.

அந்த வருஷம் அவனுக்கு வளைகுடாவில் ஒரு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. பெரிய கட்டுமானக் கம்பெனி, தங்க இடம், வருஷத்துக்கு ஒரு டிக்கெட். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. பாக்கியிருந்தது இரண்டே இரண்டு: மெடிக்கல் டெஸ்ட், அப்புறம் நாலு வருஷம் இங்கே ஒழுங்காக வேலை பார்த்தான் என்று சாருடைய கையெழுத்தில் ஓர் அனுபவக் கடிதம். வேலையில் சேரும் தேதி நாலைந்து மாசம் தள்ளி இருந்தது; அதற்கு முந்தின மாசக் கடைசிக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். சார் சிரித்துக்கொண்டே, "கடுதாசி தானே? போறப்ப வாங்கிக்க" என்றிருந்தார்.

மெடிக்கலுக்கும் பாஸ்போர்ட் வேலைக்குமாக அவன் மூன்று நாள் லீவு போட்டான். அப்போது அவன் கையில் இருந்தது ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் மாடி. அதன் மேல் ஒரு பெரிய கலவைத் தொட்டி உட்காரும். தொட்டியைத் தாங்கும் பீமில், வலது தூணுக்கு ஒட்டினாற்போல் தொட்டியின் கால் வரும். மாடலை முடித்துவிட்டான். படம்தான் பாக்கி. "தம்பி போட்டுக்குவான் சார்" என்று அவனே சொன்னான்.

படியிறங்கப் போனவன், ஹெல்மெட்டை மாட்டிய தலையோடு கதவுக்குள் எட்டிப் பார்த்தான். "தம்பி, வலதுலருந்து ஆரம்பம். யாத் ரக்."

ஞாபகம் வைத்துக்கொள் என்கிறான். நான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஹவ் ஹவ்" என்று கையை ஆட்டினேன். சரி சரி.

மறுநாள் பட்டியலைத் திறந்தேன். முதல் வரியில் ஷியர் எகிறியிருந்தது, மொமெண்ட்டும் அப்படியே. கீழே போகப் போகக் குறைந்தது. முதல் வரி என்றால் இடது என்று என் கை முடிவு செய்துவிட்டது. மூளை அந்தப் பக்கமே வரவில்லை. இடது தூண் பக்கம் மேல்கம்பிகளை அடுக்கினேன், ரிங்குகளை நெருக்கிக் கட்டினேன். வலது பக்கம் சாதாரணமாக விட்டேன். பட்டியலின் ஓரத்தில் தொடக்கப் புள்ளிக்கும் முடிவுப் புள்ளிக்கும் இரண்டு எண்கள் போட்டிருக்கும். அதைப் பார்க்கும் பழக்கமே எனக்கு இல்லை, என் மாடல்களில் அதற்குத் தேவை வந்ததில்லை. அதையாவது விடுங்கள். தொட்டி எங்கே உட்காருகிறது என்று ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால், பாரம் வலதிலிருக்க அறுப்பு எப்படி இடதில் வரும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நான் எண்களைப் படித்தேன். பீமைப் பார்க்கவில்லை.

படத்தைச் சாரிடம் கொண்டுபோனேன். கம்பிகளின் மொத்தத்தைப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். மொத்தம் சரியாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

லீவு முடிந்து வந்தவன், "படம் போச்சா?" என்று கேட்டான். "போச்சு பாய்" என்றேன். அவனுக்குப் புது வேலை ஒன்று காத்திருந்தது. என்னை நம்பித் திறந்து பார்க்காமல் விட்டான்.

சில மாதம் கழித்து, மாடி கட்டி முடிந்து, தொட்டியை ஏற்றித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். முக்கால் தொட்டி நிரம்பியபோது வலது தூண் ஓரத்தில் பீம் சாய்வாக வெடித்தது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் என்றார்கள். கீழே ஏணியில் நின்று குழாய் பொருத்திக்கொண்டிருந்த ஒருவர் பயந்து குதித்துவிட்டார். கணுக்கால் முறிந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு முட்டுக் கொடுத்து நிறுத்தியதால் பீம் விழவில்லை. அந்த மனிதரை ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தேன். ஸ்ரீகாகுளத்துப் பக்கத்துக்காரர். நான் யாரென்று கேட்கவில்லை. கொண்டுபோன ஆரஞ்சில் ஒன்றை உரித்து எனக்கே பாதி கொடுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆபீசுக்கு வந்து அந்த மாடலைத் திறந்தேன். தொடக்கப் புள்ளியின் எண்ணைப் பார்த்தேன். வலது தூண். கதவுக்குள் எட்டிப் பார்த்த ஹெல்மெட் தலை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் சார்பில் ஒரு பொறியாளரை அனுப்பினார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மாடலை ஒருமணி நேரம் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்த பீமெல்லாம் எதுக்கு உல்டாவா போட்டிருக்கு? யார் போட்டது?"

"நான்" என்றான் அவன்.

"உலகத்துல யாராவது இப்படிப் போடுவாங்களா?"

"மென்பொருளுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். கணக்கு மாறாது."

"கணக்கு மாறலை. படம் மாறிடுச்சே. ஏன் மாறுச்சு? நீ உல்டாவா போட்டதாலதானே?"

அவன் நாற்காலியைத் திருப்பினான். மேஜைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தான். முறைத்த பார்வை இல்லை அது. பேச்சில் என் முறை வந்துவிட்டது, நான் ஆரம்பிக்கப் போகிறேன் என்று இடம்விட்டு நிற்கிறவனின் பார்வை. டிபன் டப்பா திறந்த ஆயிரம் மத்தியானங்களில் வாய் மூடாமல் பேசியவன் நான். அன்று மேஜையிலிருந்த தாள்களை எடுத்து ஓரம் சேர்த்துத் தட்டி அடுக்கினேன்.

நான் அடுக்கி முடிக்கும்வரை பார்த்துவிட்டு அவன் திரும்பிக்கொண்டான். "ஹவ் சார். வலதுலருந்து இழுத்தது நான்தான்."

நீ யாரிடமாவது சொன்னாயா என்று அந்தப் பொறியாளர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மாடல் தலைகீழாகப் போடப்பட்டதே காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கை முடிவாகும்வரை அவன் வீட்டில் இருக்கட்டும் என்றார் சார். கடிதத்துக்குக் கெடு வைத்த மாசம் வந்திருந்தது; அதன் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

அன்று மாலை எல்லோரும் போனபின் சாருடைய அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். வலதிலிருந்து ஆரம்பம் என்று அவன் என்னிடம் சொன்னான், கேட்டும் கேட்காதமாதிரி இருந்தது நான், இடது என்று படித்தது நான்.

சார் பேனாவை மூடினார். "எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சுப்பா. ஆனா நீ வாயில சொல்றதை நான் ஃபைல்ல வெக்க முடியுமா? அவன் தப்புன்னு அறிக்கை இருக்கறப்ப, நல்லா வேலை பார்த்தான்னு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடறது? நீ ஒரு பக்கம் எழுதிக் குடு. அறிக்கையைத் திருத்தச் சொல்லி நானே அனுப்பறேன். அவன் கடுதாசி அன்னிக்கே ரெடி."

"எழுதிக் குடுத்தா எனக்கு என்ன ஆகும் சார்?"

"அதை இப்பவே நான் எப்பிடிச் சொல்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு வேண்டியிருந்த பதில் அது இல்லை.

அந்தப் பக்கத்தை அன்றே எழுதிவிட்டேன். ஒன்பது வரி. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் சார் வெளியே போயிருந்தார், கொடுக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் இருந்தார், கூட ஆள் இருந்தது. மூன்றாம் நாள் தனியாகத்தான் இருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல் அவர் அறையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். சட்டையை மாற்றும்போதெல்லாம் காகிதத்தையும் மாற்றி வைத்தேன்.

என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்ட விதத்தை இன்று நினைத்தால் கூசுகிறது. அப்பா ஓய்வுபெறப் போகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், மனைவிக்கு எட்டாம் மாதம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் உள்ளே கிடந்த பயம் வேறு. ஐ.டி.ஐ. ஆளிடம் அவுட்புட்டைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பட்டம் வாங்கிய ஒருவன் சொல்வான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கும். மூன்று வருஷம் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பிடித்த இடம், ஒன்பது வரியில் போய்விடும்.

"குடுத்துட்டீங்களா?" என்று மனைவி தினமும் கேட்டாள்.

"நாளைக்கு."

ஒருநாள் அவள், "ஏங்க, அந்தப் பேப்பர் தொவைக்கறதுல போய்டப் போவுது. அப்புறம் அதையும் ஒரு சாக்கா சொல்வீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்று இருந்தது.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நான் ஆற்றைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. சொல்லிவிடத்தான் போனேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அவன் அப்பா கதவைத் திறந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் பெயரைச் சொன்னதும், "அரே, தம்பி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகன் என்னைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறான். ரயில்வேத் தமிழர்கள் நிறைய ஏறும் லாலாகுடா ரூட்டில் வருஷக்கணக்காக டிக்கெட் கிழித்தவர் அவர். அந்த ரூட்டில் கற்ற தமிழ் மூன்று: சில்லறை எடு, முன்னாடி போ, இறங்கு. என்னைக் கூடத்துக்கு அழைத்துப்போகும்போது முதுகில் கைவைத்து, "முன்னாடி போ, முன்னாடி போ" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த அவன் மட்டும் சிரிக்கவில்லை. "பைட்டோ தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு டீ எடுக்கப் போனான்.

அவன் போனதும் பெரியவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்தித் தக்கனியிலேயே கேட்டார்.

"பேட்டா, நீ அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். எனக்கு ஒண்ணு சொல்லு. இவன் வாயைத் திறக்க மாட்டேங்கிறான். ஒரு தொழிலாளிக்குக் கால் போச்சாமே. அது என் பையன் பண்ணினதா? கடிதம் வராட்டி போகட்டும். வேலை போகட்டும். அது மட்டும் எனக்குத் தெரியணும். ராத்திரி தொழுதுட்டுப் படுத்தா அந்தக் கால்தான் கண்ணுல வருது."

சட்டைப் பையில் காகிதம் இருந்தது. கையை நெஞ்சில் வைத்தால் தொடலாம்.

"இல்லை அங்கிள். அவன் பண்ணலை" என்றேன். அதுவரைக்கும் நன்றாகத்தான் வந்தது.

"அப்ப யாரு?"

அவன் தட்டில் மூன்று கப்போடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது.

"கம்ப்யூட்டர் அங்கிள்" என்றேன். "கம்ப்யூட்டர்ல வந்த தப்பு."

பெரியவர் நீளமாக மூச்சு விட்டார். மெஷின்தானா, மெஷினுக்கு என்ன பாவம் புண்ணியம் என்றார். என் தலையில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார், எனக்காகத்தான். அவன் தட்டைக் கீழே வைத்தான். என் கப்பை என் பக்கம் நகர்த்தினான். "சர்க்கரை போதுமா பாரு, தம்பி" என்றான். போதும் என்றேன். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை சார் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே படிக்கட்டில் நின்றேன். காகிதத்தை நீட்டினேன். மடிப்புகள் கிழியும் நிலைக்கு வந்திருந்தன. அவர் அங்கேயே நின்று படித்தார்.

"பதினாறு நாளாச்சேப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்க் கடிதத்தைத் தானே தட்டச்சு செய்தார். நல்ல கடிதம். கவனமானவர், நேர்மையானவர், இவரை இழப்பது எங்களுக்கு வருத்தம் என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டு என் கையிலேயே கொடுத்தார்.

"எனக்கு என்ன சார்?" என்றேன்.

"என்ன?"

"நான் இருக்கட்டுமா, போகட்டுமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போய் எங்க போவ? இனிமே எந்த மாடலைத் திறந்தாலும் முதல்ல புள்ளி நம்பரைப் பாரு. என் கையெழுத்தும்தான் அந்தப் படத்துல இருக்குது. நான் எங்க போனேன்?"

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திருத்திய அறிக்கை போனது, தொழிற்சாலைக்காரர்கள் பீமுக்கு இரும்புத் தகடு கட்டி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் நாற்காலி அப்படியே இருந்தது. பிறகு பெரிய நாற்காலியும் கிடைத்தது. பதினாறு நாள் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேனோ, அதற்கு ஆபத்தே வந்திருக்கவில்லை. அந்த நாட்களின் விலை முழுவதும் அவன் தலையில் விழுந்தது.

கடிதத்தோடு அன்றே ஓடினேன். கதவைத் தட்டியதும் அவன்தான் வந்தான். வாசலிலேயே நின்று படித்தான். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக, ஒவ்வொரு வரியாக. படித்துவிட்டு, "நேத்து போன் வந்துச்சு தம்பி" என்றான். "அஞ்சு நாளா என்கிட்டக் கேட்டுப் பார்த்தாங்க. கடிதம் வரலைன்னதும் கேரளத்துப் பையன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க."

"இன்னும் ஒரு நாள் இருக்கே பாய்! நான் பேசறேன், சார்கிட்ட சொல்லிப் பேச வெக்கறேன்…"

"நக்கோ." வேண்டாம் என்றான். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தான். "சார் எப்படித் திடீர்னு குடுத்தார்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது வரியை எழுதிய நாள், தண்ணீர் குடிக்கப் போன நாள், சட்டை மாற்றிய நாட்கள் எல்லாம். முடிவில் அழுதேன். அவன் என் தோளைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. பொறுமையாகக் கேட்டான்.

"உள்ள வரேன் பாய். அப்பாகிட்டயும் சொல்லிடறேன். கம்ப்யூட்டர் இல்லை, நான்தான்னு."

கதவில் வைத்திருந்த கையை அவன் எடுக்கவில்லை. "நக்கோ தம்பி. நேத்துதான் அவர் நிம்மதியாத் தூங்கினார். உன்னை அவருக்குப் பிடிச்சுப் போச்சு. காலையில இருந்து உன் பேச்சுதான்."

நான் நின்றேன். அவனும் நின்றான். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை இருவருக்கும் ஒரு வேலை இருந்ததுபோல் இருந்தது.

"வரட்டுமா?" என்றேன்.

"ஹவ்" என்றான்.

கதவு சாத்திக்கொண்டது. நான் இன்னும் படியில்தான் இருந்தேன். உள்ளேயிருந்து பெரியவரின் குரல் கேட்டது. "கோன் ஹை ரே?" யாருடா அது என்கிறார்.

எங்களைப் போலவே அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

"கோயி நை, அப்பா" என்றான். யாரும் இல்லை.